கோடிட்ட எழுத்து உடைந்தால் முதலில் எண்களைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுகம்பையில் ஒரு விருந்தினர் விடுதிக்கு அறைப்பதிவு மென்பொருள் செய்திருக்கிறீர்கள். ஜாவா 11 நிரல்மொழி, அதன்மேல் ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பு. பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து அலைச்சறுக்க வருகிறவர்களுக்குப் போகும் வரவேற்பு மின்னஞ்சல், காலையுணவுப் பட்டியல் எல்லாவற்றையும் அப்ளிகேஷன் புரொப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அக்கரைப்பற்றில் உங்கள் மடிகணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் எழுத்துகள் சரியாகவே தெரிகின்றன. ஆனால் மின்னஞ்சலில், தலையில் சாய்கோடு போட்ட ஒவ்வொரு ஆங்கில ஈ எழுத்தும் இரண்டாக உடைந்து, தலையில் நெளிகோடு போட்ட பெரிய ஏயும் பக்கத்தில் பதிப்புரிமை அடையாளமுமாக வருகிறது. சேவரின் பதிவுக் கோப்பிலோ அதே இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள். "பேசாமல் கோடுகளை எடுத்துவிட்டு வெறும் ஆங்கில எழுத்தாகப் போட்டால் என்ன?" என்று கேட்கிறீர்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள். பிரெஞ்சில் அந்தக் கோடு அலங்காரம் அல்ல. கடைசி ஈயின் மேல் கோடு இருந்தால் 'சலே', உப்புச் சுவையுள்ளது என்று பொருள். கோட்டை எடுத்தால் 'சால்', அழுக்கானது. காலையுணவுப் பட்டியலில் இந்த ஒரு கோடு போனால் விடுதிக்காரர் அழுக்குச் சாப்பாடு தருவதாக எழுதியது போலாகிவிடும். மட்டக்களப்பு என்ற பெயரில் புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டு 'மடடககளபபு' என்று யாராவது பெயர்ப்பலகை வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோப்புக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணும் ஒரு பைற்று. எந்த எண் எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை வேறெங்கோ இருக்கிறது. சாதாரண உரைக் கோப்பில் "என்னை இந்த அட்டவணையால் படி" என்று எழுதிய சீட்டு எதுவும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. எழுதியவரும் வாசிப்பவரும் ஒரே அட்டவணையை எடுத்தால் எழுத்து வரும். இல்லாவிட்டால் குப்பை வரும்.

மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று 1987இல் வந்த அட்டவணை லத்தீன்-1. அதில் கோடிட்ட ஈக்கு ஒரே பைற்று, எண் 233. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் வந்த பிறகு, 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் அதே எழுத்துக்கு இரண்டு பைற்றுகள், 195, 169. உங்கள் எடிட்டர் யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. ஆகவே கோப்பில் இருப்பது 195, 169. ஸ்பிரிங் பூட் அந்தப் புரொப்பர்ட்டீஸ் கோப்பை லத்தீன்-1 அட்டவணையை வைத்துப் படிக்கிறது. அந்த அட்டவணையில் 195 என்றால் நெளிகோடிட்ட பெரிய ஏ. 169 என்றால் பதிப்புரிமை அடையாளம். மின்னஞ்சலில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். கோப்பு சரி, மின்னஞ்சல் அனுப்பும் பகுதியும் சரி. நடுவில் வாசித்தவர் எடுத்த அட்டவணைதான் பிழை.

ஏன் லத்தீன்-1? 1996இல் ஜாவா வெளிவந்தபோது புரொப்பர்ட்டீஸ் கோப்பு லத்தீன்-1இல்தான் இருக்கும் என்று வகுத்துவிட்டார்கள். அதற்கு வெளியே உள்ள எழுத்து வேண்டுமென்றால் பின்சாய்கோடு, யூ, அதன்பின் நான்கு பதினறும (16ஐ அடியாகக் கொண்ட) இலக்கங்கள் என்று எழுத வேண்டும். அன்றைய நிலையில் அது நியாயமான ஏற்பாடு. அந்த வழக்கத்தை நம்பி எழுதிய கோப்புகள் உலகெங்கும் கிடப்பதால் அதை இலகுவில் மாற்றவும் முடியவில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய வருத்தம் அல்ல. கல்முனைக் கடையொன்றில் தட்டச்சுச் செய்த கடிதத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். பாமினிக் கோப்பில் உண்மையிலேயே ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான் இருந்தன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டது, அவ்வளவுதான். அதனால் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. உங்கள் சிக்கலுக்கு எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டம் தெரியும். ஒரு எழுத்து இரண்டு எழுத்தாகப் பிரிந்து தெரிந்தால் அது அட்டவணைப் பிழை.

இனி, இந்த வேலையில் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். எழுத்து உடைந்து தெரிகிறபோது கோப்பைச் சேமிக்காதீர்கள். உடைந்து தெரிவது வரை எதுவும் இழக்கப்படவில்லை. உடைந்ததைச் சேமித்த பிறகுதான் சேதம் தொடங்குகிறது. தொடக்க காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் அமைப்புக் கோப்பில் கோடிட்ட எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிந்தன. நான் வேறொரு வரியைத் திருத்திவிட்டுச் சேமித்தேன். எடிட்டர் அந்தக் கறுப்பு வைரங்களையே உண்மையான எழுத்துகளாக எண்ணி எழுதிவிட்டது. அதன் பிறகு எது ஈ, எது ஏ, எது இரு புள்ளி யூ என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பழைய பிரதி கிடைத்ததால் தப்பினோம். அன்றிலிருந்து இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் ஒரு பிரதி எடுக்கிறேன், அப்புறம்தான் கோப்பைத் தொடுகிறேன்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் எண்களைப் பாருங்கள். எடிட்டரையோ கட்டளை தட்டும் கருந்திரையையோ நம்ப வேண்டாம். அவையும் ஏதோ ஓர் அட்டவணையை ஊகித்துத்தான் காட்டுகின்றன. லினக்ஸில் ஓ, டி என்ற இரண்டெழுத்துக் கட்டளையிடம் பைற்றுகளைத் தசம எண்களாகக் காட்டு என்று கேட்கலாம். விண்டோஸில் பவர்ஷெல்லின் போர்மட்-ஹெக்ஸ் பதினறுமத்தில் காட்டும். ஓ லெவல் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படித்த பதினறும எண்முறை இங்கேதான் கைகொடுக்கிறது. கோடிட்ட ஈ இருக்க வேண்டிய இடத்தில் 233 மட்டும் இருந்தால் கோப்பு லத்தீன்-1, அல்லது அதன் உறவான விண்டோஸ்-1252. 195, 169 இருந்தால் யூடிஎஃப்-8. 195, 131, 194, 169 என்று நான்கு இருந்தால் உடைந்ததை யாரோ ஒருமுறை சேமித்திருக்கிறார்கள், அதாவது இரட்டைக் குறியாக்கம். 239, 191, 189 இருந்தால் அதுதான் நான் சொன்ன கறுப்பு வைரம். மூல எழுத்து போய்விட்டது, பிரதியைத் தேடுங்கள். 63 இருந்தால் அது உண்மையான கேள்விக்குறி. அதிலும் மீட்க எதுவும் இல்லை.

நிரலுக்குள்ளும் இதே முறைதான். சரத்தை, அதாவது நிரல் கையில் வைத்திருக்கும் எழுத்து வரிசையை, அப்படியே அச்சிட்டுப் பார்ப்பதை விட்டு, அதன் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் அச்சிடுங்கள். எண்கள் எந்தத் திரையிலும் உடையாது. 233 வந்தால் வாசிப்பு சரி, பிழை வெளியே போகும் வழியில். 195, 169 என்று இரண்டாக வந்தால் யூடிஎஃப்-8 கோப்பை லத்தீன்-1 என்று படித்திருக்கிறது. 65533 வந்தால் மறுபுறம், லத்தீன்-1 கோப்பை யூடிஎஃப்-8 என்று படித்திருக்கிறது.

இரட்டைக் குறியாக்கம் மட்டும் பெரும்பாலும் மீளும். வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், அதாவது உடைந்த சரத்தை லத்தீன்-1 பைற்றுகளாக மாற்றி, அந்தப் பைற்றுகளை யூடிஎஃப்-8 என்று படிக்க வேண்டும். "நெளிகோட்டு ஏயும் பதிப்புரிமை அடையாளமும் வந்தால் கோடிட்ட ஈயாக மாற்று" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மாற்றும் வேலையைச் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு எப்போதும் தப்பும். குறிப்பாக, இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு ஏ யூடிஎஃப்-8இல் 195, 160. அந்த 160 லத்தீன்-1இல் முறிக்கப்படாத வெற்றிடம், கண்ணுக்குத் தெரியாது. பைதானில் சரத்தின் ஓர வெற்றிடத்தை வெட்டும் செயல் அதையும் சேர்த்து வெட்டிவிடும். வெட்டிய பிறகு 195 தனியே நிற்கும், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

இப்போது உங்கள் கோப்புக்கு வருகிறேன். மனிதர்கள் வாசிக்கும் வாசகங்களை அப்ளிகேஷன் புரொப்பர்ட்டீஸ் கோப்பிலிருந்து வெளியே எடுங்கள். தரவுத்தள முகவரி, போர்ட் எண் போன்றவை அங்கேயே இருக்கட்டும், அவற்றில் கோடிட்ட எழுத்து வராது. வாசகங்களை மெசேஜஸ் என்ற கோப்புகளில், மொழிக்கு ஒன்றாக வையுங்கள். அவையும் புரொப்பர்ட்டீஸ் வகைதான், ஆனால் ஸ்பிரிங் பூட் அவற்றை இயல்பாகவே யூடிஎஃப்-8 என்று படிக்கும். ஒரே கோப்புறையில், ஒரே பின்னொட்டோடு இருக்கும் இரண்டு கோப்புகள் இரண்டு அட்டவணைகளால் படிக்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாததால் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஒரு கவனம், பிரெஞ்சு, ஜெர்மன் கோப்புகள் மட்டும் இருந்தால் போதாது. மொழிப் பெயர் ஒட்டாத அடிப்படை மெசேஜஸ் கோப்பு ஒன்றும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் பூட் இந்த ஏற்பாட்டையே தொடங்காது.

வாசகம் அந்த அமைப்புக் கோப்பிலேயே இருந்தாக வேண்டும் என்றால், அதை யாமல் என்ற இன்னோர் அமைப்புக் கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். யாமல் கோப்பை ஸ்பிரிங் பூட் யூடிஎஃப்-8 என்றே படிக்கும். அதுவும் முடியாவிட்டால் மேலே சொன்ன பின்சாய்கோட்டு முறை. பழைய ஜாவாவோடு நேட்டிவ்டூஅஸ்கி என்ற கருவி வந்தது, அது கோப்பு முழுவதையும் அப்படி மாற்றித் தரும். ஜாவா 9இல் அதை நீக்கிவிட்டார்கள். இந்த முறை எந்த அட்டவணையிலும் உடையாது என்பது உண்மை. ஆனால் விடுதிக்காரர் ஒருநாள் கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்த நினைத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. தமிழ் வாசகம் என்றால் ஒவ்வொரு எழுத்தும் இலக்கமாகி ஒரு வரி ஆறு மடங்கு நீளும். ஆகவே எனக்கு அது கடைசித் தெரிவு.

"ஜாவா 9க்குப் பிறகு புரொப்பர்ட்டீஸ் எல்லாம் யூடிஎஃப்-8தானே" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். 2017இல் வந்த அந்த மாற்றம் மொழிவாரி வாசகங்களை ஏற்றும் ரிசோர்ஸ் பண்டில் என்ற ஜாவா வசதி வழியாக ஏற்றப்படும் கோப்புகளுக்கு மட்டும்தான். அங்கே ஜாவா முதலில் யூடிஎஃப்-8 என்று முயன்று, பைற்றுகள் ஒத்துவராவிட்டால் லத்தீன்-1க்குத் திரும்பும். புரொப்பர்ட்டீஸ் வகுப்பின் லோட் செயலுக்குப் பைற்று ஓடையை நேரடியாகக் கொடுத்தால் இன்றைக்கும் லத்தீன்-1தான். நீங்களே கோப்பை ஏற்றும் இடங்களில் பைற்று ஓடையைக் கொடுக்காமல், பைற்றுகளை எழுத்துகளாக்கித் தரும் ரீடரை, யூடிஎஃப்-8 என்று குறித்துக் கொடுங்கள். ஜாவா 6இலிருந்தே அந்த வசதி இருக்கிறது.

இன்னொரு குறுக்குவழியும் சொல்வார்கள், கோப்பையே லத்தீன்-1ஆகச் சேமித்துவிடு என்று. கோடிட்ட ஈ உடனே சரியாகிவிடும், அதனால்தான் இது ஆபத்து. பிரெஞ்சில் முட்டைக்கு எழுதும் சொல் ஓவும் ஈயும் ஒட்டிய எழுத்தில் தொடங்குகிறது. லத்தீன்-1இல் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. யூரோ அடையாளத்துக்கும் இல்லை. முட்டையும் விலையும் இல்லாமல் என்ன காலையுணவுப் பட்டியல்? விண்டோஸ்-1252இல் இரண்டும் உண்டு, 156, 128 என்ற எண்களில். விண்டோஸ் எடிட்டரில் சேமித்தால் அந்த எண்கள் கோப்பில் விழும், ஸ்பிரிங் பூட் அவற்றை லத்தீன்-1 என்று படித்துக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தாக்கிவிடும். நாளைக்கு விடுதிக்காரர் தமிழிலும் வேண்டும் என்றால் அடியோடு முடியாது.

சேவர் பதிவுக் கோப்பின் கேள்விக்குறிகள் வேறு கதை. ஒரு எழுத்துக்கு இரண்டு கேள்விக்குறி என்றீர்களே, அந்த இரண்டு என்ற எண்ணிக்கை முக்கியமானது. எழுத்து ஏற்கெனவே இரண்டாக உடைந்து வந்து, பிறகு ஒவ்வொரு துண்டும் கேள்விக்குறியாகியிருக்கிறது. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு பிழைகள். முதலாவதைத் திருத்தினால் இரண்டு கேள்விக்குறி ஒன்றாகும், மறையாது. மறையாததைக் கண்டு முதல் திருத்தம் பலிக்கவில்லை என்று அதைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது பிழைக்குக் காரணம் பெரும்பாலும் சேவரில், அதிலும் மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் டொக்கர் கொள்கலனில், மொழிச்சூழல் அமைக்கப்படாதது. அப்போது ஜாவா 11 தன் இயல்பு அட்டவணையாக அஸ்கியை எடுத்துக்கொள்ளும். அஸ்கியில் 128 இடங்கள்தான், கோடிட்ட எழுத்து எதுவும் இல்லை. லாங் என்ற சூழல் மாறியை சி-புள்ளி-யூடிஎஃப்-8 என்று வையுங்கள், ஜாவாவைத் தொடக்கும்போது ஃபைல் என்கோடிங் என்ற பண்பையும் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். 2022இல் வந்த ஜாவா 18இலிருந்து இயல்பு அட்டவணையே யூடிஎஃப்-8. முடிந்தால் ஜாவா 21க்குப் போங்கள்.

மேவன் என்ற கருவியால் மென்பொருளைக் கட்டுகிறீர்கள் என்றால் வெளியீட்டில் "பிளாட்போர்ம் என்கோடிங்கைப் பயன்படுத்துகிறேன்" என்ற எச்சரிக்கை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், கோப்புகளில் மாறிகளை நிரப்பிப் பிரதி எடுக்கும்போது அது உங்கள் கணினியின் அட்டவணையை எடுக்கிறது. உங்கள் விண்டோஸில் ஒன்று, சேவரில் இன்னொன்று. திட்டக் கோப்பில் மூலக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டால் அடங்கிவிடும்.

எடிட்டரில் ஒரு பொறி இருக்கிறது. வி.எஸ். கோடில் வலப்பக்க அடியில் குறியாக்கத்தின் பெயரை அழுத்தினால் இரண்டு தெரிவுகள் வரும். ரீஓப்பன் என்பது அதே பைற்றுகளை வேறு அட்டவணையால் படித்துக் காட்டும், கோப்பு மாறாது. சேவ் என்பது திரையில் இப்போது தெரியும் எழுத்துகளை வேறு அட்டவணையில் எழுதும், கோப்பு மாறும். எழுத்து உடைந்து தெரியும்போது சேவ் என்பதை அழுத்தினால் இரட்டைக் குறியாக்கம் அங்கேயே பிறக்கிறது. முதலில் ரீஓப்பன் செய்து எழுத்துகள் சரியாகத் தெரிகிற அட்டவணையைக் கண்டுபிடியுங்கள். தெரிந்த பிறகு யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். பழைய விண்டோஸ் நோட்பாடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைற்றுகளையும் ஒட்டிவிடும். முதல் வரியில் உள்ள அமைப்பு மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் அந்த மூன்றைத் தேடுங்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பாட் அவற்றை இயல்பாக ஒட்டுவதில்லை.

எல்லாம் சரியாகி, எழுத்தும் சரியாகத் தெரிந்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டு சொற்கள் ஒன்றல்ல என்று வந்தால், கோடிட்ட ஈ இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ஒன்று 233 என்ற ஒரே எழுத்து. மற்றது வெறும் ஈயும் 769 என்ற தனிக் கோடும். நம்முடைய 'கொ'வும் அப்படித்தான். 3018 என்ற ஒரே குறியாலும் எழுதலாம், 3014, 3006 என்ற இரண்டு குறிகளாலும் எழுதலாம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒப்பிடுமுன் இரண்டையும், பிரிந்தவற்றை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மெசேஜஸ் கோப்புக்கு மாறிய பிறகு விருந்தினரின் பெயரை வாசகத்துக்குள் செருகுகிற வரிகளில் தனி மேற்கோள் குறி மறைந்துபோகும். பிரெஞ்சில் அது வரிக்கு ஒன்றாவது வரும். இது குறியாக்கப் பிழை அல்ல. அந்த வரிகளை ஜாவா மெசேஜ் போர்மட் முறையில் படிக்கிறது, அங்கே தனி மேற்கோள் குறிக்கு வேறு வேலை உண்டு. செருகல் உள்ள வரிகளில் மட்டும் அதை இரண்டு முறை போடுங்கள்.

கடைசியாக, நான் செய்யும் எல்லா மென்பொருளிலும் வைக்கும் ஒரு சோதனையை உங்களுக்கும் தருகிறேன். மெசேஜஸ் கோப்பில் ஒரு வரியில் 'மட்டக்களப்பு' என்று மட்டும் எழுதுங்கள். மென்பொருள் தொடங்கியதும் அந்தச் சரத்தின் நீளத்தை எண்ணச் செய்யுங்கள். யூனிகோட் கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்து அதில் 12 இருக்கின்றன, யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைற்று. ஆகவே 12 வந்தால் தொடரலாம். 36 வந்தால் யாரோ லத்தீன்-1 என்று படிக்கிறார்கள், மென்பொருளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாற்றியதும் உங்களுக்கு எந்த எண் வந்தது என்று எழுதுங்கள். 12உம் இல்லை, 36உம் இல்லை என்றால் அந்த வரியின் பைற்றுகளையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.